16 மாதப் பெண் குழந்தை, எடை 7.4 கிலோ. மூன்று வேளையும் ராகிக் கூழ் குடித்தும் ஏன் எடை ஏறவில்லை?

ஏரியூர்த் தம்பி:

வணக்கம். எனக்கு ஏரியூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, மனைவி கார்மெண்ட்ஸுக்குப் போகிறாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லாததால் ஒரு வயது முடியும் முன்பே ஊரில் அம்மாவிடம் விட்டோம். தாய்ப்பாலும் அதோடு நின்றுவிட்டது.

போன வாரம் ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனபோது எடை 7.4 கிலோ, உயரம் 72 சென்டிமீட்டர் என்று அட்டையில் எழுதினார்கள். கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்த்து, 12.2, மஞ்சளில் நிற்கிறது என்றார்கள். ரத்தம் 8.6 தான் இருக்கிறதாம். ஒரு சிரப் கொடுத்து, நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு இதில் வருத்தம். "மூணு வேளையும் வயிறு நிறைய ராகிக் கூழ் குடிக்குது, இதுக்கு மேல என்ன சத்து வேணும்? உங்க மூணு பேரையும் கூழ் ஊத்தித்தானே வளர்த்தேன்" என்கிறார். தோஷம் என்று சொல்லிக் கயிறும் கட்டியிருக்கிறார். மனைவி தினமும் போனில் அழுகிறாள். ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். டப்பா பவுடர் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். விலை எழுநூறு ரூபாய்க்கு மேல். எங்கள் சம்பளத்துக்கு அதை மாதாமாதம் வாங்குவது கஷ்டம், ஆனால் அதுதான் வழி என்றால் வாங்கிவிடுவேன்.

பாப்பா சாப்பிடுவது: காலையில் டீயில் நனைத்த பன்னு. அப்புறம் கூழ், அது மூன்று வேளையும் உண்டு. மதியம் ரசம் சோறு இரண்டு கை. இடையில் பிஸ்கட், கடையில் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட் தீனி. ராத்திரி தண்ணீர் கலந்த பசும்பால். முட்டை சூடு என்று அம்மா கொடுப்பதில்லை.

ராகி சத்துதானே? பிறகு ஏன் இப்படி? பவுடர் வாங்கட்டுமா? பாப்பாவை ஓசூருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காவேரிப்பட்டணம் அம்மா:

தம்பி, உங்கள் மனைவியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். என் பையனும் ஒன்றரை வயதில் இதே மஞ்சளில்தான் இருந்தான். நாங்கள் பவுடர் எதுவும் வாங்கவில்லை. டீயை நிறுத்தினோம், பாக்கெட் தீனியை நிறுத்தினோம், தினம் ஒரு முட்டை, சோற்றில் ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு. முதல் வாரம் துப்பினான். இரண்டாவது வாரம் வாயைத் திறந்தான். டீயும் பிஸ்கட்டும் உள்ளே போய்விட்டால் குழந்தைக்குப் பசியே எடுக்காது, நாம் என்ன கொடுத்தாலும் தலையைத் திருப்பும். முதலில் அதை நிறுத்துங்கள்.


பால்வாடி அக்கா, பென்னாகரம்:

தம்பி, உங்கள் அம்மா சொன்னதில் ஒரு பாதி சரி. அதனால் அவரைக் குற்றவாளி ஆக்காமல் இதைப் படியுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் பால்வாடியில் எடை போட்டுப் பழகியவள் நான். நம் பக்கத்தில் இந்த வாரமும் இதே நிலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். மேல்கையின் சுற்றளவை அளக்கும் அந்த நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் இதே அளவுதான். 16 மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை, உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, 9.8 கிலோ. 7.7க்குக் கீழே போனால் எடைக்குறைவு, 6.9க்குக் கீழே கடுமையான எடைக்குறைவு. உங்கள் பாப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். உயரமும் 73க்குக் கீழே இருப்பதால் இது போன மாதம் வந்த காய்ச்சலால் இளைத்தது இல்லை. பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பயப்பட வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு வயதுக்குள் விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிப்பது ரொம்பக் கடினம்.

இப்போது கூழுக்கு வருகிறேன். ராகி நல்ல தானியம், அதில் சந்தேகமே வேண்டாம். நூறு கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் பாப்பாவின் தம்ளருக்குள் எவ்வளவு ராகி போகிறது என்று பாருங்கள். தண்ணீராகக் கரைத்த ஒரு தம்ளர் கூழில் மாவு பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். அது 40 கலோரி. தாய்ப்பால் நின்றுபோன ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு நாளைக்கு 900 கலோரி வரை வேண்டும். அவள் வயிறோ ஒரு தம்ளர் அளவுதான். இந்தத் தண்ணீர்க் கூழை நான்கு தடவை ஊற்றினாலும் 160 கலோரி. வயிறு நிறைந்துவிடுகிறது, அழுகை நிற்கிறது, பாட்டிக்கும் மனம் ஆறுகிறது. உடம்புக்கு மட்டும் எதுவும் சேரவில்லை.

உங்கள் மூன்று பேரையும் அம்மா கூழ் ஊற்றி வளர்த்தார் என்கிறார் அல்லவா? கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒன்றரை வயது, இரண்டு வயது வரை தாய்ப்பால் இருந்திருக்கும். களிக்கு அவரைப் பருப்போ மொச்சையோ போட்ட குழம்பு இருந்திருக்கும். கொல்லையில் கீரை இருந்திருக்கும். டீயும் பிஸ்கட்டும் இருந்திருக்காது. பாப்பாவுக்கு வந்து சேர்ந்தது கூழ் மட்டும்தான், கூட வந்ததெல்லாம் வழியிலேயே நின்றுவிட்டது.

சரி, அதே தம்ளரை எப்படி மாற்றுவது? ராகி மாவு முப்பது கிராம், அதாவது மூன்று நான்கு மேசைக்கரண்டி தலை தட்டி. வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு பெரிய கரண்டி. வெல்லம் ஒரு சின்னத் துண்டு. இறக்கும்போது ஒரு தேக்கரண்டி கடலெண்ணெயோ நெய்யோ. அந்த எண்ணெய் மட்டுமே 45 கலோரி. மொத்தம் 230, 240 வரும். அதே தம்ளர், அதே அடுப்பு, அதே ராகி, ஆறு மடங்கு பலம். கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பூஞ்சை பிடித்த கடலையை ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

இவ்வளவு மாவு போட்டால் களி மாதிரி இறுகிவிடும், குழந்தை விழுங்காது என்பீர்கள். அதற்குத்தான் முளைக்கட்டிய மாவு. ராகியை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வறுக்கும் வாசம் தூக்கலாக வரும்வரை விட்டால் முளையில் இருக்கும் நொதி செத்துவிடும். கெட்டியாகக் காய்ச்சிய கூழை இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும், இந்த மாவில் ஒரு சின்னக் கரண்டி போட்டுக் கலக்குங்கள். சில நிமிஷத்தில் இளகி வழியும். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை, ஆனால் குடிக்கிற பதம் வந்துவிடும். அந்த நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வருவது இது. பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். முளைக்கட்டினால் ராகியில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட்டும் குறையும். மாவுக்கும் அலைய வேண்டாம். 2023 முதல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடையில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறதே.

அடுத்தது, எத்தனை தடவை. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு நாளைக்கு நான்கு ஐந்து வேளை வேண்டும். காலை கெட்டிக் கூழ், பத்து மணிக்கு வாழைப்பழமோ வேகவைத்த சர்க்கரைவள்ளியோ, மதியம் பருப்பும் முருங்கைக்கீரையும் போட்டுப் பிசைந்த சோறு, சாயங்காலம் முட்டை, ராத்திரி மறுபடி சோறோ இட்லியோ. பால் தண்ணீர் கலக்காமல் இரண்டு தம்ளர் போதும். அதற்கு மேல் பாலே கொடுத்தால் சோறு இறங்காது.

பவுடர் வேண்டாம் என்பது என் கருத்து. டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பால் பவுடர், சர்க்கரை, கொஞ்சம் வைட்டமின். அந்த எழுநூறு ரூபாய்க்கு நம் ஊரில் முட்டை, கடலை, பருப்பு, எண்ணெய் என்று ஒரு மாதத்துக்கே ஆகிவிடும். முக்கியமாக ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஊர்ப் பால்வாடியில் பாப்பா பெயர் இருக்கிறதா? ஆறு மாதம் முதல் சத்துமாவு வீட்டுக்கே கொடுப்பார்கள். இந்த வயதுக் குழந்தைக்கு நாளைக்கு இத்தனை கலோரி, இத்தனை புரதம் என்று அரசுக் கணக்கே இருக்கிறது. கடும் எடைக்குறைவு என்றால் இன்னும் கூடுதல். பல வீட்டில் அந்த மாவைப் பெரியவர்கள் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள், ஆட்டுக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மனசு பதறும். அது பாப்பாவின் பங்கு.

மாதம் ஒரு தடவை அதே தராசில் எடை போடுங்கள். 1980ல் மதுரைப் பக்கம் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது அதன் உயிரே இதுதான். மாதாமாதம் எடை பார்த்து, ஏறாமல் நின்ற குழந்தைகளைப் பிரித்தெடுத்து அவர்களுக்குத்தான் சத்துருண்டை கொடுத்தார்கள். குழந்தை குண்டா ஒல்லியா என்று யாரும் பார்க்கவில்லை, கோடு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். இந்த வயதில் நல்ல குழந்தையே மாதம் 200 கிராம் ஏறும். பாப்பா அதைவிடக் கூடுதலாக ஏற வேண்டும்.


ஊத்தங்கரை நர்ஸ்:

அக்கா சாப்பாட்டைச் சொல்லிவிட்டார். நான் ரத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11ஐ ஒட்டி இருக்க வேண்டும். 8.6 என்றால் நடுத்தர ரத்தசோகை. குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. டீ, இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ரத்தம் குறைந்தால் பசி குறையும், பசி குறைந்தால் ரத்தம் இன்னும் குறையும். பாப்பா சோர்ந்து உட்கார்ந்திருப்பது, விளையாடாமல் சிணுங்குவது எல்லாம் இதனால் இருக்கலாம். மூளை வேகமாக வளரும் வயது இது. அதனால் இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்துவிடலாம் என்று விடாதீர்கள், சிரப் கட்டாயம்.

அந்தச் சிரப்பை எப்படிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று திரும்பப் போய்க் கேளுங்கள். எல்லாக் குழந்தைக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பது வாரம் இரண்டு நாள், ஒரு மில்லி, அதில் 20 மில்லிகிராம் இரும்பு. ரத்தசோகை இருக்கும் குழந்தைக்கு எடைக்குத் தகுந்தபடி தினமும் கொடுக்க வேண்டும், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாலோடு கலக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். நிறையப் பேர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாரம் ஒரு தடவை ஒரு சின்னத் துண்டு, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். கீரைச் சோற்றில் எலுமிச்சை நாலு சொட்டு பிழியுங்கள், இரும்பு சேர அது உதவும். பூச்சி மருந்து கொடுத்தார்களா? ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை அல்பெண்டசோல் அரை மாத்திரை, பொடித்து. வைட்டமின் ஏ சொட்டு இந்த ஊசியோடு கொடுத்திருக்க வேண்டும், அட்டையில் பாருங்கள். இனி வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை, 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றுவிட்டது என்று நாலாவது நாளில் விட்டுவிடக் கூடாது.

உடனே தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டியது எப்போது? நாடா சிவப்புக்கு இறங்கினால். இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் குழி விழுந்து நின்றால். சாப்பாட்டை அறவே மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால். கால் வீங்கிய குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், எடையும் ஏறியதுபோலக் காட்டும். அது சதை இல்லை, நீர். சிவப்பில் இருக்கும் குழந்தைக்கு இரும்பு மருந்தை வீட்டில் நாமாகத் தொடங்கவும் கூடாது, முதலில் மருத்துவமனை.


ஏரியூர்த் தம்பி:

அக்கா, சிஸ்டர், ரொம்ப நன்றி. மனைவிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். நாடா சிவப்பில் இல்லை, பாதத்தில் குழி விழவில்லை, அம்மாவை வீடியோ காலில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். சிரப்பை அம்மா மூன்று நாள் கொடுத்துவிட்டு மலம் கறுப்பாகிவிட்டது என்று நிறுத்தியிருக்கிறார். இன்று மறுபடி தொடங்கிவிட்டோம், நாளை அளவைக் கேட்கப் போகிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் வீட்டில் சமையலுக்கு போர் தண்ணீர்தான், நன்றாகக் கொதிக்க வைக்கிறோம். அது பரவாயில்லையா? அப்புறம் முட்டைக்கு அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.


பாலக்கோடு வாத்தியார்:

தம்பி, தண்ணீர் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி, தாண்டிய கிணறுகள் இங்கே ஏராளம். என் வகுப்பில் முன்பல்லில் பழுப்புக் கறையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடும். கால்சியமும் மற்ற சத்தும் குறைவாக இருக்கும் குழந்தையை அது அதிகமாகத் தாக்கும். பாப்பா இப்போது அந்த நிலையில் இருக்கிறாள்.

2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பாப்பாவின் கூழுக்கும் குடிக்கவும் தனியாக ஒரு குடம் பிடித்து வையுங்கள். போரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குழாய் உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வரவில்லை என்றால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கவும் முடியும்.


பால்வாடி அக்கா, பென்னாகரம்:

வாத்தியார் சொன்னது மிக முக்கியம், நான் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் அவர் சொல்லிவிட்டார், நன்றி.

முட்டை விஷயத்தில் அம்மாவோடு வாதாடாதீர்கள், தம்பி. நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்கிச் சுமப்பவர் அவர். போனில் ஓசூரிலிருந்து வரும் உத்தரவு அவருக்கு வலிக்கத்தான் செய்யும். நாடாவை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லும்படி உங்கள் ஊர் பால்வாடி டீச்சரிடம் கேளுங்கள். மஞ்சளைத் தன் கண்ணால் பார்த்த பாட்டிகள் பிறகு என்னைவிட மும்முரமாக நிற்பார்கள். கயிறு கட்டியதை அவிழ்க்கச் சொல்ல வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். சூடு போடுகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் விடவே கூடாது.

முட்டையை முழுசாக வைத்தால்தான் சண்டை. வேகவைத்த மஞ்சள் கருவைக் கால்வாசி பருப்புச் சோற்றில் மசித்துத் தொடங்கட்டும். இரண்டு மூன்று நாள் பார்த்து, ஒத்துக்கொண்டால் கூட்டிக்கொண்டே போய் ஒரு வாரத்தில் முழு முட்டை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், பால்வாடியில் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் வாரம் மூன்று சாப்பிடுகின்றன, கத்திரி வெயிலிலும் சாப்பிடுகின்றன, ஒன்றும் ஆவதில்லை என்று அம்மாவுக்குச் சொல்லலாம். அப்படியும் மனம் வராவிட்டால் முட்டைக்காகக் காத்திருக்காதீர்கள். நாளைக்கு இரண்டு வேளை கெட்டிப் பருப்பு, கடலைப் பொடி, ஒரு கிண்ணம் தயிர் என்று உடனே தொடங்கிவிடுங்கள்.

ஓசூருக்குக் கூட்டிவருவதா என்று முதலில் கேட்டிருந்தீர்கள், நான் பதில் சொல்லவில்லை. வாடகை அறையில் பகலில் பார்க்க ஆள் இல்லாமல் கூட்டிவந்தால் மறுபடி பிஸ்கட்டும் பக்கத்து வீடும்தான். உங்கள் மனைவிக்கு ஒரு மாதம் லீவு கிடைக்குமானால் அவர் ஊருக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து இந்தச் சாப்பாட்டைப் பழக்கிவிட்டு வருவது நல்லது. பிறகு குடும்பத்தோடு ஓசூர் வந்தாலும் உங்கள் தெருவுக்கு உரிய அங்கன்வாடியில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், வெளியூர்க்காரர்கள் என்று தயங்க வேண்டாம். ஊசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

எடையை மாதம் ஒன்று காத்திருக்காமல், இந்த முறை மட்டும் பதினைந்து நாளில் ஒரு தடவை போட்டு இங்கே எழுதுங்கள். ஏறவே இல்லை என்றால் சாப்பாட்டுக்கு அப்பால் வேறு காரணம் இருக்கலாம், சிறுநீர்த் தொற்று, காசநோய் மாதிரி. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.